ஒரு நாளே வாழ்ந்த குழந்தைக்கும் பதிவேட்டில் இடம் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தருமபுரி மாவட்டத்தில் சுகாதார ஆய்வாளராகப் பணியாற்றி ஓய்வுபெற்றவன் என்ற முறையில், சிசு மரண விகிதம் எந்த இடத்தில் பொய்த்துப்போகிறது என்பதைத் தங்கள் நாளிதழ் வழியாகத் தெரிவிக்க விரும்புகிறேன்.

உயிருடன் பிறந்த ஆயிரம் குழந்தைகளில், ஒரு வயது நிறைவதற்குள் இறந்தவை எத்தனை என்பதே இந்த விகிதம். ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தின் எல்லைக்குள் ஆண்டுக்கு 400 குழந்தைகள் பிறந்து, அவற்றில் 4 இறந்தால் விகிதம் 10 ஆகும். அந்த நான்கில் இரண்டு இறப்புகள் பதிவாகாவிட்டால் அதுவே 5 என்று காட்டும். ஊரில் எதுவும் மாறாமலேயே காகிதத்தில் பாதி மரணம் குறைந்துவிடும்.

அவ்வாறு விடுபடுபவை பெரும்பாலும் பிறந்து சில மணி நேரத்தில் இறந்த குழந்தைகள்தாம். மலைக்கிராமங்களில் இதைப் பலமுறை கண்டிருக்கிறேன். குறைமாதத்தில் வீட்டிலேயே பிறந்து, ஓரிரு முறை முனகிவிட்டு அடங்கிப்போன குழந்தையை அன்று மாலையே புதைத்துவிடுவார்கள், விசாரித்தால், "செத்துத்தான் பிறந்தது, பிள்ளையே இல்லை, சான்றிதழ் எதற்கு?" என்பார்கள். அவர்களுடைய வேதனையைக் குறை சொல்ல முடியாது. ஆயினும், பிறந்தபின் மூச்சோ வேறு உயிர்க்குறியோ இருந்திருந்தால் அது உயிருள்ள பிறப்பு. 1969ஆம் ஆண்டின் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டப்படி அந்தப் பிறப்பு, இறப்பு இரண்டையுமே பதிய வேண்டும். இறந்தே பிறந்த குழந்தைக்கும் தனிப் படிவம் உண்டு. 21 நாட்களுக்குள் தெரிவித்தால் கட்டணம் கிடையாது. அதன் பிறகும் தாமதக் கட்டணத்துடன் பதியலாம்.

இறந்த நாளைச் சரியாகக் குறிப்பதும் முக்கியம். முதல் 28 நாட்களுக்குள் நேரும் மரணங்கள் பெரும்பாலும் குறைப்பிரசவம், எடைக் குறைவு, பிறக்கும்போது மூச்சுத்திணறல், கிருமித்தொற்று ஆகியவற்றால் வருபவை. அதற்குப் பிந்தையவற்றில் வயிற்றுப்போக்கும் நிமோனியாவும் கூடுகின்றன. முன்னதற்குக் கர்ப்பகாலக் கவனிப்பும் பச்சிளங்குழந்தைப் பிரிவும் வேண்டும். பின்னதற்குக் குடிநீரும் தடுப்பூசியும் வேண்டும். எது எங்கே தேவை என்பதை இந்தப் பதிவுகளே சொல்லும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. பிறப்பு, நிகழ்ந்த இடத்தில்தான் பதிவாகிறது. அரூர்ப் பெண் சேலத்திலோ, ஓசூர்ப் பெண் பெங்களூருவிலோ பிரசவித்தால் பதிவும் அங்கேதான். எனவே, படிவத்தில் தாய் வசிக்கும் ஊரைத் தவறாமல் நிரப்பச் செய்ய வேண்டும்.

கிராம சுகாதார செவிலியரின் கர்ப்பிணிப் பதிவேட்டையும் கிராம நிர்வாக அலுவலரின் பிறப்பு, இறப்புப் பதிவேட்டையும் மாதந்தோறும் அருகருகே வைத்து ஒப்பிட்டாலே, விடுபட்ட பெயர்கள் தெரிந்துவிடும். இதனைத் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட நிர்வாகங்கள் கட்டாயமாக்க வேண்டும். அத்துடன், இறப்பை உண்மையாகப் பதிந்த செவிலியரைக் குற்றவாளியைப்போல் நிறுத்தி விளக்கம் கேட்கக் கூடாது. கேட்டால், அடுத்த மரணம் பதிவேட்டுக்கே வராது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சுகாதார ஆய்வாளர்,
அரூர், தருமபுரி மாவட்டம்.