வேலியோரத்து யோப்பான்

அன்புள்ள கயலுக்கு,

புது வீட்டின் பின்பக்கம் ஒரே மணல், எதை வைத்தாலும் கருகிப்போகிறது என்று போனில் சொன்னாயே, அதையேதான் இரண்டு நாளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். யோப்பான் வை. வர்ஜீனியா கரையில் தொடங்கி ஃப்ளோரிடா வழியாக இங்கே டெக்சாஸ் வரைக்கும் தானாக முளைக்கிற செடி அது. வட கரோலினாக் கரையில் இருக்கும் உங்கள் வில்மிங்டன் மணலும் உப்புக்காற்றும் அதற்குப் பழகியவைதான்.

2021 பிப்ரவரிக் குளிரை நீ மறந்திருக்க மாட்டாய். முருங்கை பிறகு அடியிலிருந்து துளிர்த்தது. அம்மா ஆளுயரம் வளர்த்த கறிவேப்பிலை திரும்பவே இல்லை. பாவம், எத்தனை நாள் அந்தக் குச்சியைப் போய்ப் போய்ப் பார்த்தாள்! வேலியோரம் நாம் தண்ணீர்கூடக் காட்டாத யோப்பான் மட்டும் பச்சை மாறாமல் நின்றது. அப்புறம்தான் அதன் இலையில் காபி, தேயிலையில் இருக்கிற அதே காஃபின் இருக்கிறது, தேநீர் போலப் போட்டுக் குடிக்கலாம் என்றே தெரிந்துகொண்டேன்.

அதன் அறிவியல் பெயர் ஐலெக்ஸ் வொமிட்டோரியா. வாந்தி என்ற பொருள் அதில் இருப்பதைப் பார்த்துப் பயப்படாதே. பூர்வகுடிகள் சடங்கில் இதைக் குடித்து வாந்தியெடுத்ததைக் கண்ட ஐரோப்பியர்கள் பழியை இலைமேல் போட்டார்கள். 1789இல் வந்த அந்தப் பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. எனக்கு அது பெரிய அநியாயமாகத்தான் படுகிறது. அமெரிக்க உள்நாட்டுப் போரில் துறைமுகங்கள் அடைபட்டுக் காபி வராதபோது தென் மாநிலத்தார் இதைக் குடித்துத்தான் சமாளித்தார்கள். உங்கள் ஊருக்கு வடக்கே ஹட்டராஸ் தீவில் அதன் பிறகும் வெகுகாலம் குடித்தார்கள்.

நர்சரியில் வாங்கும்போது இலையைப் பார். யோப்பான் இலை ஒன்றுவிட்டு ஒன்றாக இருக்கும், ஓரம் லேசாக நெளிந்திருக்கும். பார்க்க இதைப்போலவே இருக்கும் பிரிவெட் என்ற வேலிச்செடியின் இலை எதிரெதிரே ஜோடியாக, ஓரம் நெளிவில்லாமல் இருக்கும். அது நஞ்சு. பெண் செடியில் சிவப்புப் பழம் காய்க்கும். பறவைகள் தின்னும், நம் பாப்பா வாயில் வைக்கக் கூடாது. அதனால் நீ ஆண் செடியாகவே கேட்டு வாங்கு. முதல் வருஷம் மட்டும் வேர் பிடிக்கும்வரை தண்ணீர் விடு. அடியில் கிளம்பும் பக்கக் கன்றுகளை வெட்டிவிடு, இல்லையென்றால் புதராகிவிடும்.

இலையைக் கழுவி, ஈரம் போக உலர்த்தி, பழுப்பாகி மணம் வரும்வரை ஓவனில் வறுத்துக்கொள். வெந்நீரில் எவ்வளவு நேரம் ஊறினாலும் தேயிலை போலத் துவர்க்காது. அம்மா இஞ்சி தட்டிப் போட்டுப் பாலும் ஊற்றுகிறாள்.

அக்டோபரில் வருகிறோம், நடுவதற்கும் அதுதான் நல்ல நேரம். செடியை வாங்கி வை. குழியை நான் வந்து தோண்டுகிறேன்.

அன்புடன்,
அப்பா