ஹேஸ்டிங்ஸ் மேயரின் ஓராண்டுப் பயணத்துக்குத் தோள் கொடுத்தவர்களுக்கு

அன்பும் மதிப்பும் மிக்க ஊரவர்களுக்கு வணக்கம்.

மே மாதத்தில் நகரசபையின் ஆண்டுக் கூட்டம் கூடி அடுத்த மேயரைத் தெரிவு செய்யவிருக்கிறது. விடைபெறும் மேயருக்கு உறுப்பினர்கள் எழுந்து நன்றி கூறுவது அங்கே வழக்கம். ஆனால் அவர் போன இடங்களுக்கெல்லாம் முன்னதாகவே போய்க் கதவைத் திறந்து வைத்தவர்களையும், அவர் புறப்பட்ட பிறகும் தங்கியிருந்து கூடத்தைப் பெருக்கிக் கதிரைகளை அடுக்கியவர்களையும் குறிப்பிட அந்த நிகழ்ச்சி நிரலில் இடம் இருப்பதில்லை. மேயரின் அறக்கொடை நிகழ்வுகளில் தொண்டராக நின்றவள் என்ற உரிமையில் அந்த நன்றியை இங்கே எழுதுகிறேன். இவ்வூரிலும் அருகிலும் வாழும் தமிழ்க் குடும்பங்கள் சில இம்முறை எங்களோடு சேர்ந்து உழைத்தன. அவர்களுடைய வீட்டு மூத்தோரும் படித்து மகிழ வேண்டும் என்பதற்காகத் தமிழில் எழுதுகிறேன்.

வெளியூரிலிருந்து இதைப் படிப்பவர்களுக்கு மேயர் பதவியைப் பற்றிச் சிறிது கூறவேண்டும். இங்கிலாந்தின் தென்கரையில் உள்ள ஹேஸ்டிங்ஸுக்கு, முதலாம் எலிசபெத் அரசி 1589இல் வழங்கிய பட்டயத்தின் வழியாக இப்பதவி வந்தது. இன்று ஊரின் நிதியையும் நிர்வாகத்தையும் பற்றிய முடிவுகள் சபையிலும் அதன் அரசியல் தலைமையிலும் எடுக்கப்படுகின்றன. மேயர் சபைக் கூட்டத்துக்குத் தலைமை தாங்குவார். மற்ற நாள்களில் கட்சி பேசாமல், அழைத்த இடத்துக்குப் போவார். ஒரு தெருவிளக்கை மாற்றும்படி ஆணையிடும் அதிகாரமும் அவருக்குக் கிடையாது. எனவே அழைப்பவர்களும் வரவேற்பவர்களும் இல்லாவிட்டால் அவருடைய கழுத்தில் கிடக்கும் பதவிச் சங்கிலிக்குப் பொருளே இல்லை. இந்த ஆண்டு அதற்குப் பொருள் கொடுத்தவர்கள் நீங்கள் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

முதலில் நகரசபையின் அலுவலகமான மியூரியல் மேட்டர்ஸ் இல்லத்தில் மேயரின் நாட்குறிப்பைப் பேணிய அலுவலர்களை நினைக்கிறேன். பெண்களின் வாக்குரிமைக்குப் போராடி, 1924இல் இதே ஹேஸ்டிங்ஸ் தொகுதியில் நாடாளுமன்றத் தேர்தலில் நின்ற ஒரு பெண்மணியின் பெயரை அந்தக் கட்டடம் தாங்கியிருக்கிறது. வந்த ஒவ்வோர் அழைப்புக்கும் அங்கிருந்து மறுமொழி போனது. வாசலில் யார் வரவேற்பார், மேயர் எங்கே நிற்க வேண்டும், பேச வேண்டுமா அல்லது கேட்டுக்கொண்டிருந்தால் போதுமா, சக்கர நாற்காலியில் வருவோருக்குச் சாய்தளம் உண்டா என்பதையெல்லாம் அவர்கள் முன்கூட்டியே விசாரித்து எழுதித் தந்தார்கள். மழையிலும் காற்றிலும் செங்கோலைச் சுமந்து ஊர்வலத்தின் முன்னே நடந்தவருக்கும் என் வணக்கம்.

மீனவர்களைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத விரும்புகிறேன். இவ்வூருக்கு ஒழுங்கான துறைமுகம் கிடையாது. 1896இல் தொடங்கிய துறைமுக வேலை பணம் போதாமல் நின்றுபோக, முடிவுறாத அணையின் ஒரு கை மட்டும் இன்றும் கடலுக்குள் நீண்டு கிடக்கிறது. அதனால் ஸ்டேட் எனப்படும் கூழாங்கல் கரையிலிருந்தே படகுகள் ஒவ்வொரு முறையும் கடலில் இறக்கப்படுகின்றன. திரும்பி வந்ததும் கரைக்கு மேலே இழுத்து ஏற்றப்படுகின்றன. இவ்வாறு கரையிலிருந்து தொழில் செய்யும் படகுக் கூட்டங்களில் ஐரோப்பாவிலேயே பெரியது இது என்பார்கள். கருநிறத்தில் உயர்ந்து நிற்கும் வலை வாடிகளை, அதாவது வலைகளை வைக்கும் மரக் குடில்களை, உலகமே படம் எடுத்துப் போகிறது. அவற்றுக்குப் பின்னால் உழைக்கும் மனிதர்களோடு நின்று பேசுவோர் குறைவு. மேயர் பேச வந்தார். கடலுக்குப் போவதும் உறங்குவதும் வற்றுப்பெருக்கின் நேரப்படி நடக்கும் வாழ்வில், அன்று அவர்கள் தங்கள் ஓய்வு நேரத்தை விட்டுக்கொடுத்து, பிடிக்க அனுமதிக்கப்பட்ட மீனின் அளவைப் பற்றியும், சிறு படகுகளுக்கு அதில் கிடைக்கும் பங்கைப் பற்றியும், தங்கள் பிள்ளைகள் இத்தொழிலுக்கு வருவார்களா என்பதைப் பற்றியும் மனம்விட்டுப் பேசினார்கள். மேயரால் அந்த அளவை மாற்ற முடியாது என்பது அவர்களுக்குத் தெரியும். தெரிந்தும் பொறுமையோடு விளக்கினார்களே, அந்தப் பெருந்தன்மைக்கு எப்படி நன்றி சொல்வேன்! மீனவர்களின் தேவாலயமாக இருந்து 1956 முதல் அருங்காட்சியகமாக விளங்கும் கட்டடத்தில், 1912இல் கட்டப்பட்ட 'எண்டர்பிரைஸ்' என்னும் பாய்மரப் படகைச் சிறுவர்களுக்குக் காட்டி விளக்கிய முதியவர்களையும் இங்கேயே சேர்த்துக்கொள்கிறேன்.

அருகில் உள்ள உயிர்காப்புப் படகு நிலையத்தின் தொண்டர்களுக்கு நன்றி கூறாமல் இவ்வூரில் எந்த மடலும் நிறைவு பெறாது. 1858 முதல் அந்தப் பணி இங்கே நடந்துவருகிறது. அழைப்பு வந்தால் உணவுத் தட்டையும் உறக்கத்தையும் விட்டு ஓடும் அவர்கள், மேயரின் நிகழ்வுக்கு வந்திருந்தபோதும் ஒரு காதைக் கடலின் பக்கமே வைத்திருந்தார்கள்.

விங்கிள் கழகத்தினரையும் மறவேன். பழைய நகரின் வறிய பிள்ளைகளுக்கு உதவுவதற்காக 1900இல் தொடங்கிய கழகம் அது. உறுப்பினர் ஒவ்வொருவரும் விங்கிள் என்னும் சிறிய கடல் நத்தையின் ஓடு ஒன்றை எப்போதும் உடன் வைத்திருக்க வேண்டும். கேட்டவுடன் எடுத்துக் காட்டாதவர் தண்டம் கட்ட வேண்டும். சர்ச்சிலும் இதில் உறுப்பினராக இருந்தார். சிரிப்போடு கொடையைச் சேர்க்கும் அந்த வழக்கம் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

1983இல் மீண்டும் உயிர்பெற்ற, கோடையை வரவேற்கும் 'பச்சை ஜாக்' விழாவில், இலைதழைகளால் மூடப்பட்ட உருவம் பழைய நகரின் ஒடுங்கிய தெருக்கள் வழியாக மேற்குக் குன்றுக்கு ஏறும்போது, கூட்டத்தை நெரிசலின்றி வழிநடத்தியவர்கள் ஊரின் தொண்டர்களே. 2024 மே மாதத்தில், சரியாக அந்த விழா நாள்களில், பெருங்குழாய் ஒன்று உடைந்து ஆயிரக்கணக்கான வீடுகள் நாள்கணக்கில் நீரின்றித் தவித்தபோது, போத்தல் நீரை மூத்தோரின் வீட்டுப் படிகளில் ஏற்றிக் கொடுத்த அயலவர்களை ஊர் மறக்கவில்லை. விழாவில் ஒழுங்கு காப்பவர்களிடையே அன்று நீர் சுமந்த முகங்கள் பலவற்றை நான் இன்றும் காண்கிறேன்.

ஆயினும் படம் எடுக்கப்படாத வருகைகளே என் நெஞ்சில் ஆழமாகப் பதிந்தவை. முதியோர் இல்லத்தில் நூறாவது பிறந்தநாள் கண்ட அம்மையாரின் கையைப் பற்றிக்கொண்டு மேயர் அமர்ந்திருந்தார். மேயர் வரும் முன்பே அந்த அம்மையாரின் தலைமுடியை வாரி, விருப்பமான சட்டையை அணிவித்து, நன்றாகக் கேட்கும் காதின் பக்கம் கதிரையை இட்டு வைத்தவர் அங்கே பணிபுரியும் பராமரிப்பாளர். உணவு வங்கியில் பெட்டிகளைப் பிரித்தவர்களும், பள்ளிப் பிள்ளைகளிடம் மேயரைக் கேட்பதற்கான கேள்விகளை அவர்களே எழுதும்படி விட்ட ஆசிரியர்களும் அப்படிப்பட்டவர்களே. அந்தப் பிள்ளைகள் கேட்ட கேள்விகள் சபைக் கூட்டத்தில் கேட்கத் தகுந்தவை.

அறக்கொடை விருந்துக்காக முந்தின நாள் மாலை முதல் சமைத்த நம் தமிழ்க் குடும்பங்களுக்குத் தனியாக ஒரு சொல். அக்காமாரே, அண்ணன்மாரே, கடலை வடையும் மரக்கறிப் பிரியாணியும் இவ்வூர் மக்களின் தட்டில் இரண்டாம் முறையும் விழுந்ததை நீங்கள் குசினிக்குள் நின்றதால் பார்த்திருக்க மாட்டீர்கள். நான் பார்த்தேன். ஒரு பென்ஸ்கூடச் செலவாக வாங்க மறுத்துவிட்டீர்கள். அந்தத் தொகை முழுவதும் நிதியோடு சேர்ந்துவிட்டது.

சேர்ந்த நிதி, மேயர் ஆண்டின் தொடக்கத்தில் தெரிவு செய்த தொண்டு அமைப்புகளுக்கு ஒப்படைக்கப்படுகிறது. அடுத்த மேயரைத் தங்கள் நிகழ்வுக்கு அழைக்க விரும்புவோர், இது சிறிய கூட்டம்தானே என்று தயங்காமல் மேயர் அலுவலகத்துக்கு எழுதுங்கள். சிறிய கூட்டங்களுக்குப் போவதற்காகவே அப்பதவி இருக்கிறது. விருந்தன்று மாறிப்போன பாத்திரங்கள் சில என்னிடம் பத்திரமாக இருக்கின்றன. உரியவர்கள் சொன்னால் வீட்டுக்கே கொண்டுவந்து தருவேன்.

நன்றியுடனும் அன்புடனும்,
மேயரின் அறக்கொடை நிகழ்வுகளில் பணியாற்றிய தொண்டர் ஒருத்தி,
ஹேஸ்டிங்ஸ்.