18 வயது தாண்டியவர்களுக்குச் சமூகத் திறன் பயிற்சி கேட்டு மீண்டும் ஒரு மனு

பெறுநர்: உயர்திரு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலர் அவர்கள்

பொருள்: வில்லியம்ஸ் சிண்ட்ரோம் உள்ள என் மகனுக்கும் அவனைப் போன்ற பெரியவர்களுக்கும் சமூகத் திறன் பயிற்சி தொடங்கக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இதே கோரிக்கையைத் திங்கட்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்தில் ஏற்கெனவே கொடுத்திருக்கிறேன். சம்பந்தப்பட்ட பிரிவுக்கு அனுப்பிவிட்டதாகக் குறுஞ்செய்தி வந்தது. அப்புறம் ஒன்றும் இல்லை. மறுபடியும் பணிவோடு எழுதுகிறேன்.

1. மகனுக்கு வயது 24. 7-ஆவது குரோமோசோமில் (மரபணுக்களைத் தாங்கும் இழை) ஒரு சிறு துண்டு இல்லாமல் பிறந்தவன்; இதைத்தான் வில்லியம்ஸ் சிண்ட்ரோம் என்கிறார்கள். பெருந்தமனி குறுகலும் அதனால் வந்ததுதான். அறிவுசார் குறைபாடு என்று அடையாள அட்டை இருக்கிறது. மாதம் 2,000 ரூபாய் உதவித்தொகை வருகிறது, அதற்கு நன்றி.

2. வில்லியம்ஸ் சிண்ட்ரோம் உள்ளவர்களுக்குப் பேச்சு சரளமாக வரும். யாரையும் பார்த்தவுடன் நம்பிவிடுவார்கள். பஸ் ஸ்டாண்டு எதிரே உள்ள டீக்கடை வரிசை தங்களுக்குத் தெரியும். அங்கே நின்றுகொண்டு வருகிறவர் போகிறவர் எல்லாரிடமும் "சாப்டீங்களாண்ணா" என்று கேட்பான். அதைப் பார்த்துத்தான் "பையன் நல்லாத்தானே பேசுறான்" என்று உங்கள் அலுவலகத்திலேயே சொன்னார்கள். ஆனால் யார் "வண்டியில ஏறு தம்பி" என்றாலும் ஏறிவிடுகிறான். போன தை மாதம் ஒருவன் இவனை ரயில்வே கேட் பக்கத்து ஏடிஎம்முக்குக் கூட்டிப்போய், ரகசிய எண்ணைக் கேட்டு வாங்கி, சேர்ந்திருந்த உதவித்தொகை முழுவதையும் எடுத்துக்கொண்டான். "அந்த அண்ணனுக்குக் கஷ்டமாம்மா" என்றபடி வீட்டுக்கு வந்தான் என் மகன். அடுத்த வாரம் அதே ஆளைக் கண்டதும் ஓடிப்போய்க் கையைப் பிடித்துக்கொண்டான். பணம் போகட்டும் ஐயா. நாளைக்கு வேறு எதற்காவது கூப்பிட்டாலும் சிரித்துக்கொண்டே போவானே! பெண் பிள்ளைகளைப் பெற்றவர்கள் என்ன செய்வார்கள்? நான் வேலைக்குப் போகும்போது 24 வயதுப் பையனை வீட்டில் வைத்துப் பூட்டிவிட்டுப் போகவா?

3. 6 வயது வரை ஆரம்பநிலைப் பயிற்சி மையம் இருக்கிறது. 18 வரை பள்ளி. அதற்கப்புறம் காகிதப் பை, மெழுகுவர்த்தி செய்யும் தொழிற்பயிற்சிதான். சரி, தொழில் வேண்டியதுதான். சம்பாதித்ததைக் கேட்டவனுக்கெல்லாம் கொடுத்துவிட்டு வந்தால்?

4. அறிவுசார் குறைபாடு என்பது சமூகத் திறன்களில் உள்ள குறையும் சேர்ந்ததுதான் என்று 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமே சொல்கிறது. பிறகு அதற்கான பயிற்சி எங்கே ஐயா?

5. கட்டடம் கேட்கவில்லை. வாரம் 2 நாள், ஒரு அறை, ஒரு சிறப்பு ஆசிரியர், ஒரு உளவியலாளர். தெரிந்தவர் யார், தெரியாதவர் யார், யாரிடம் எதைச் சொல்லலாம், "மாட்டேன்" என்று எப்படிச் சொல்வது, பயந்தால் யாரைக் கூப்பிடுவது என்பதையெல்லாம் நடித்துக் காட்டி, அவர்களையும் நடிக்கவைத்து, பிறகு அதே டீக்கடைக்குக் கூட்டிப்போய்ப் பழக்க வேண்டும். ஒருநாள் முகாமில் இது வராது. மாதக்கணக்கில் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். டவுன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளைகளின் பெற்றோரும் கேட்கிறார்கள். உடன் உட்கார நாங்கள் தயார்.

6. தயவுசெய்து இந்த வகுப்பைத் தொடங்குங்கள் ஐயா. தொடங்குங்கள். முடியாது என்றால் அதையாவது எழுத்தில் கொடுங்கள்; மாநில ஆணையரிடம் எடுத்துப் போகிறேன்.

இப்படிக்கு,
மனுதாரர் (தாயார்)

இணைப்பு: அடையாள அட்டை நகல், மரபணுப் பரிசோதனை அறிக்கை நகல், முந்தைய மனு ரசீது