வடவாற்றுக் கரையிலிருந்து

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நலம். அம்மாவுக்கு முட்டிவலி இப்போது பரவாயில்லை, சாயங்காலம் ஏரிக்கரை வரை நடக்கிறாள். நீ, மாப்பிள்ளை, பிள்ளைகள் எல்லோரும் நலமாக இருக்க வேண்டும்.

டிசம்பர் லீவுக்கு ஊருக்கு வருகிறோம், பிள்ளைகளை எங்கெங்கே கூட்டிப் போகலாம் என்று யோசித்து வையுங்கள் என்று போனில் சொன்னாய். நீ போனை வைப்பதற்குள் அம்மா பிச்சாவரம், நடராஜர் கோயில், புதுச்சேரி கடற்கரை என்று அடுக்கிவிட்டாள். எல்லாம் நல்ல இடம்தான், போய் வாருங்கள். ஆனால் ஒரு நாளை மட்டும் முழுசாக எனக்குக் கொடு. காலையில் கொள்ளிடத்துக் கீழணை, அங்கிருந்து வடவாற்றுக் கரையோடு வந்து வீராணம் ஏரி, நடுவில் கங்கைகொண்ட சோழபுரம். போனில் சொன்னால் பாதியில் சின்னவள் பிடுங்கிக்கொண்டு போய்விடுகிறாள். அதனால்தான் எழுதுகிறேன்.

கனடாவுக்கு, உன் ஒட்டாவாவுக்கு நாங்கள் வந்திருந்தபோது ரிடோ கால்வாய்க்குக் கூட்டிப் போனாயே, அந்த நாளை நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். பாராளுமன்றக் கட்டடத்துக்கும் அந்தப் பெரிய ஓட்டலுக்கும் நடுவே பள்ளத்தில் எட்டு லாக், அதாவது தண்ணீரை ஏற்றி இறக்கிப் படகைத் தூக்கி விடுகிற கதவு வைத்த தொட்டிகள், படிப்படியாக ஆற்றுக்குள் இறங்குகிறது. ஒரு படகு கீழேயிருந்து மேலே வந்துகொண்டிருந்தது. காலேஜ் பிள்ளைகள் மாதிரி இருந்தவர்கள் இரண்டு பக்கமும் நின்று இரும்புக் கைப்பிடியைச் சுற்ற, சங்கிலி இழுத்து மரக்கதவு மெல்லத் திறந்தது. மோட்டார் கிடையாது. முதலில் கதவின் அடியில் இருக்கும் சின்ன மதகைத் திறந்து இரண்டு பக்கத் தண்ணீரையும் சமமாக்குகிறார்கள். சமமாகும் வரை எத்தனை பேர் தள்ளினாலும் அந்தக் கதவு அசையாது. சமமானதும் கையால் சுற்றினாலே போதும். நான் அங்கேயே நின்றுவிட்டேன், "அப்பா வாங்க, மியூசியம் மூடிடுவாங்க" என்று நீ கூப்பிட்டுக்கொண்டே இருந்தாய். பணியில் இருந்த காலமெல்லாம் ஷட்டர் ஏற்றி இறக்கியவனுக்கு அதை விட்டு வர மனம் வரவில்லை, பாப்பா. அந்தப் பையன்கள் கைப்பிடியில் உடம்பைச் சாய்த்த விதம் எனக்குத் தெரிந்த விதம்.

மியூசியமும் எனக்குப் பிடித்திருந்தது. கால்வாய் வெட்டும்போது சாமான் வைக்கவும் கணக்கு எழுதவும் 1827-ல் கட்டிய கல் கட்டடம். அந்த ஊரிலேயே பழைய கல் கட்டடம் அதுதான் என்றாய். ஜான் பை என்ற பிரிட்டிஷ் ராணுவ எஞ்சினியர் 1826-ல் ஆரம்பித்து 1832-ல் முடித்தார். ஒட்டாவாவிலிருந்து கிங்ஸ்டன் வரை 202 கிலோமீட்டர். அமெரிக்காவோடு மறுபடி சண்டை வந்தால் எல்லையோரத்து ஆற்றில் போகாமல் உள்ளேயே படைக்குச் சாமான் கொண்டுபோக வேண்டும் என்றுதான் வெட்டினார்கள். அந்தச் சண்டை வரவே இல்லை. செலவு கணக்குக்கு மேல் போய்விட்டது என்று அவரை லண்டனுக்குத் திருப்பிக் கூப்பிட்டுக்கொண்டார்கள். 1836-ல் காலமாகிவிட்டார். அப்புறம் மேலே மேஜர்ஸ் ஹில் பூங்காவில் புல்லில் ஜமுக்காளம் விரித்து, நீ கட்டிக்கொண்டு வந்த எலுமிச்சைச் சாதம் சாப்பிட்டோம். அந்த மேட்டில்தான் அவர் வீடு இருந்ததாம்.

நான் இத்தனையும் சொல்வது வேறு ஒன்றுக்காக. அந்த லாக்குகளுக்குப் பக்கத்தில் ஒரு கல் சிலுவை இருந்ததே, ஞாபகம் இருக்கிறதா? கால்வாய் வேலையில் செத்துப்போன ஆயிரம் பேர் நினைவாக வைத்தது. அயர்லாந்திலிருந்து பிழைக்க வந்தவர்கள், பிரெஞ்சு பேசுகிற உள்ளூர்க்காரர்கள். அதில் ஒரு கொசுவைச் செதுக்கியிருந்தார்கள். பெரியவன்தான் முதலில் பார்த்து, "தாத்தா, மஸ்கிடோ!" என்றான். பாறைக்கு வைத்த வெடியில் போனவர்களும் உண்டு, சதுப்பு நிலத்தில் மலேரியா வந்து போனவர்கள் அதைவிட அதிகம். குளிர் நாட்டில் மலேரியா என்றால் எனக்கு நம்பவே முடியவில்லை. அந்தக் கொசுவைத் தொட்டுப் பார்த்தபோது எனக்குக் கீழணை ஞாபகம் வந்துவிட்டது. அன்றைக்கே உன்னிடம் சொல்ல நினைத்தேன், பிள்ளைகள் ஐஸ்கிரீமுக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

கீழணை கட்டியது 1836. ரிடோ முடிந்து நாலே வருஷம். கட்டியவர் பெயர் ஆர்தர் காட்டன், அவரும் எஞ்சினியர் படைக்காரர்தான். காவிரியைவிடக் கொள்ளிடத்தின் படுகை தாழ்வு. தண்ணீர் கொள்ளிடத்துப் பக்கமே ஓடிக் கடலுக்குப் போய்க்கொண்டிருந்தது, தஞ்சாவூர் பக்கம் காவிரி மேடு தட்டிக்கொண்டே வந்தது. அதற்காக முக்கொம்பில் மேலணை. மேலணையையும் தாண்டிக் கொள்ளிடத்தில் வருவதை நம்ம பக்கத்துக்குத் திருப்ப அணைக்கரையில் கீழணை. அங்கே ஆறு இரண்டாகப் பிரிந்து நடுவில் தீவு மாதிரி நிலம் இருக்கும், அந்த ஊருக்கே அணைக்கரை என்று பெயர் வந்துவிட்டது. அணையிலிருந்து தெற்கே தெற்கு ராஜன், குமுக்கி மண்ணியாறு. வடக்கே வடக்கு ராஜன், நம்ம வடவாறு. தண்ணீர் நிற்பது 9 அடிதான். மேட்டூரைப் பார்த்தவர்கள் இதை அணை என்றே சொல்ல மாட்டார்கள். ஆனால் அந்த 9 அடி இல்லையென்றால் சிதம்பரம், காட்டுமன்னார்கோயில் பக்கம் சம்பா நடவு கிடையாது.

அடியில் பாறை இல்லாத மணல் ஆற்றில் எப்படி அஸ்திவாரம் போடுவது? கல்லணையைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டோம் என்று காட்டனே எழுதி வைத்திருக்கிறார். அந்த ஒரு வார்த்தைக்காக அவர் மேல் எனக்கு மரியாதை. ஆனால் மணலில் கல் இறக்கியவர்கள் யார், கூடையில் மண் சுமந்தவர்கள் யார், அவர்களில் எத்தனை பேர் காய்ச்சலில் போனார்கள்? காட்டனைப் பற்றிப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்தார்கள். இவர்களைப் பற்றி எனக்கு யாரும் சொன்னதில்லை. நான் சம்பளம் வாங்கிச் சாப்பிட்டது அவர்கள் வெட்டின வாய்க்காலில்தான். ஒட்டாவாவில் அந்தச் சிலுவையைப் பார்த்ததிலிருந்து இது மனதில் ஓடிக்கொண்டே இருக்கிறது. வடவாற்றுத் தலைமதகு ஓரத்தில் அப்படி ஒரு கல் நட வேண்டும், மண்வெட்டியும் கூடையும் செதுக்கினால் போதும். கூட வேலை பார்த்தவர்களிடம் பேசினேன், அவர்களுக்கும் சரிதான் என்று படுகிறது. விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுப்பதாக இருக்கிறோம். மனுவை நீதான் ஒரு தடவை பார்த்துத் திருத்திக் கொடுக்க வேண்டும்.

சரி, அந்த நாளைப் பற்றிச் சொல்கிறேன். காலையிலேயே கிளம்பிவிட வேண்டும். அணைக்கரையில் பழைய பாலத்தின் மேல் நடந்து போகலாம். தண்ணீர் விட்டிருந்தால் ஷட்டர் அடியில் நுரைத்துக்கொண்டு வரும், கீழே கல்லில் நீர்க்காகம் இறக்கையை விரித்துக் காயவைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். கைப்பிடியைப் பெரியவனிடம் காட்டுகிறேன். அவன் ரிடோவில் பார்த்தது படகை ஏற்றுகிற கதவு, இது தண்ணீரைப் பங்கு போடுகிற கதவு. ஒரு சுற்றுச் சுற்றினால் ஷட்டர் ஏறுவது கண்ணுக்கே தெரியாது. இரவில் டார்ச் வெளிச்சத்தில் அளவுகோலைப் பார்த்து, எத்தனை கன அடி போகிறது என்று நோட்டில் எழுதி, மறுபடி சுற்றுவோம். மழைக் காலத்தில் வீட்டுக்கே வர மாட்டேன், நீ சின்னப் பெண், அம்மாவிடம் கேட்டுப் பார். ஷட்டரைக் கொஞ்சம் கூட்டி வைத்தால் கரையோரத்து நாற்று முங்கும், குறைத்து வைத்தால் கடைமடைக்காரன் விடியற்காலையில் வந்து வாசலில் நிற்பான். இரண்டு பேருக்கும் பதில் சொல்ல வேண்டியவன் ஷட்டரைப் பார்த்துக்கொள்கிற லஸ்கர்.

அங்கிருந்து பக்கம்தான் கங்கைகொண்ட சோழபுரம். கோயிலைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை, உனக்கே தெரியும். தொல்லியல் துறையின் சின்ன மியூசியத்தையும் பிள்ளைகளுக்குக் காட்டு. மாளிகைமேட்டில் தோண்டி எடுத்த கூரை ஓடு, சீனப் பீங்கான் துண்டு எல்லாம் இருக்கிறது. ராஜேந்திர சோழன் கங்கை வரை படை அனுப்பி, அந்தத் தண்ணீரைக் கொண்டுவந்து ஒரு ஏரி வெட்டினான், சோழகங்கம் என்று பெயர் வைத்தான். தண்ணீராலேயே நாட்டிய வெற்றித்தூண் என்று திருவாலங்காட்டுச் செப்பேடு சொல்கிறது. இப்போது பொன்னேரி என்கிறார்கள். கோயில் புல்தரையை ஒட்டி நிழல் பார்த்து உட்கார்ந்து கட்டுச்சாதத்தைப் பிரித்துவிடலாம். புளியோதரை, தயிர்சாதம், உருளைக்கிழங்கு வறுவல், கத்திரிக்காய் கொத்சு என்று அம்மா இப்போதே சொல்லிவிட்டாள். கொத்சுக்கு இட்லி வேண்டும் என்றால் அதுவும் செய்வாளாம். ஆடிப்பெருக்குக்கு உன் பாட்டி எல்லோரையும் வண்டி கட்டிக் கொள்ளிடக்கரைக்குக் கூட்டிப் போய்ச் சாதம் உருட்டிக் கையில் கொடுப்பாள். இந்தத் தடவை உன் அம்மா கொடுக்கட்டும்.

சாயங்காலம் வடவாற்றுக் கரை வழியாகத் திரும்பலாம். அணைக்கரையிலிருந்து ஏரி வரை 20 கிலோமீட்டருக்கு மேல் வரும். வழி நெடுக நாணல், ஆங்காங்கே ஆகாயத்தாமரை, இரண்டு பக்கமும் வயல். டிசம்பரில் சம்பா பச்சையாக நிற்கும். அப்புறம் ஏரி. வீராணத்தைப் பராந்தகன் காலத்தில் வெட்டினார்கள், அவனுடைய வீரநாராயணன் என்ற பட்டப்பெயர்தான் ஏரிக்கும் நம்ம ஊர்ப் பெருமாளுக்கும். இளவரசன் ராஜாதித்தன் படையோடு இந்தப் பக்கம் தங்கியிருந்தபோது சும்மா இருந்த சிப்பாய்களை வைத்து வெட்டினான் என்று பெரியவர்கள் சொல்வார்கள். உன் பெரியவன் கேட்டால் இதைத்தான் சொல்வேன்: அந்த ஊரில் அயர்லாந்துக்காரர்கள், இந்த ஊரில் சிப்பாய்கள்.

ஏரி நிரம்பினால் 47.50 அடி, கொள்ளளவு 1,465 மில்லியன் கன அடி. சுமார் 45 ஆயிரம் ஏக்கர் இதை நம்பி இருக்கிறது. 2004-லிருந்து சேத்தியாத்தோப்புப் பக்கம் பூதங்குடியிலிருந்து குழாயில் சென்னைக்கும் குடிதண்ணீர் போகிறது. மழைக் காலத்தில் முழு அளவுக்கு நிரப்ப மாட்டார்கள். அரியலூர் பக்கமிருந்து செங்கால் ஓடை, கருவாட்டு ஓடை இரண்டும் ஒரே ராத்திரியில் வெள்ளத்தைக் கொண்டுவந்து கொட்டும், அதற்கு இடம் விட்டு வைக்க வேண்டும். மீறி வந்தால் லால்பேட்டையில் வெள்ளியங்கால் ஓடை வழியாகத் திறந்து விடுவார்கள். அப்போது கீழே இருக்கிற ஊர்க்காரர்கள் படும் பாட்டை நீயே சின்ன வயதில் பார்த்திருக்கிறாய். ஏரி பார்க்க அழகுதான். கரையில் நிற்கிறவனுக்கு அழகோடு பயமும் இருக்கும், அதையும் பிள்ளைகள் தெரிந்துகொள்ளட்டும்.

இப்போதெல்லாம் வண்டல் சேர்ந்து ஏரி மேடாகிக்கொண்டே வருகிறது. தூர் வாரினால்தான் இந்தக் கொள்ளளவு கணக்கில் மட்டும் இல்லாமல் ஏரியிலும் இருக்கும். என் காலத்தில் செய்ய வேண்டியது எவ்வளவோ நிற்கிறது, நினைத்தால் தூக்கம் வராது. அந்த ஊரில் 1832-ல் வெட்டின கால்வாயை இன்றைக்கும் கையால் திறந்து மூடுகிறார்கள், கதவு மரம் கெட்டுப்போனால் மாற்றுகிறார்கள், புல் வெட்டுகிறார்கள். அதைப் பார்த்து எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, நம்ம ஏரியை நினைத்து நெஞ்சு அடைத்துக்கொண்டும் வந்தது.

மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்காவிட்டாலும் நீ பிள்ளைகளோடு வந்துவிடு. டிசம்பர் முதல் வாரத்தில் புயல் மழை இருந்தால் கரையில் போக விட மாட்டார்கள், இருபதாம் தேதிக்கு மேல் வருவது மாதிரி டிக்கெட் போடு. பிள்ளைகளுக்கு முழங்கால் வரை மூடுகிற பேண்ட், சேற்றில் நடக்கிற செருப்பு எடுத்து வை. கொசு மருந்து அங்கேயே வாங்கி வா, சின்னவளுக்கு இங்குள்ளது ஒத்துக்கொள்ளவில்லை. அந்தச் சிலுவையைத் தனியாக, கொசு தெரிகிற மாதிரி ஒரு படம் எடுத்து அனுப்பு. மனுவோடு அதையும் வைக்க வேண்டும்.

அன்புடன்,
அப்பா