சீரியல் செட்டும் வீட்டு ஒயரிங்கும்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். பண்டிகை நெருங்கினால் எங்கள் கடையில் சில கேள்விகள் தவறாமல் வரும். சீரியல் செட்டில் ஒரு பல்பு போனதும் ஏன் மொத்தமும் அணைகிறது? எம்.சி.பி. (கரண்ட் அளவு மீறினால் தானே அணையும் சுவிட்ச்) அடிக்கடி விழுகிறதே, பெரிதாக ஒன்று மாட்டிவிடலாமா? இன்வெர்ட்டருக்கு இன்னொரு பேட்டரி சேர்க்கலாமா? எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது ஒரே விஷயம்தான்: இணைப்பு சீரிஸா (தொடரிணைப்பு), பேரலலா (பக்க இணைப்பு) என்பது. கவுன்டரில் கூட்டம் நிற்கும்போது அதை நிதானமாகச் சொல்ல முடிவதில்லை. அதனால்தான் இந்த மடல்.

பழைய குட்டி பல்பு செட்டை எடுத்துக்கொள்வோம். அதில் பல்புகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்திருக்கும்; இதுதான் சீரிஸ். கரண்ட் போக ஒரே வழி. எல்லா பல்பிலும் ஒரே அளவு கரண்ட்தான் ஓடும். வோல்டேஜ் மட்டும் பங்காகும். 6 வோல்ட் பல்பு 38 கோத்தால் 228 வோல்ட், வீட்டுக்கு வரும் 230-க்குப் பொருந்திவிடும். ஒரு பல்பின் இழை அறுந்தால் வழியே அடைபடுகிறது, மொத்தமும் அணைகிறது.

இங்கேதான் பலர் ஒரு காரியம் செய்கிறார்கள். போன பல்பை வெட்டி எறிந்துவிட்டு, இரண்டு ஒயரையும் முறுக்கி டேப் சுற்றிவிடுகிறார்கள். செட் எரியும், உண்மைதான். ஆனால் நான்கு பல்பை இப்படி நீக்கினால், மிச்சமுள்ள 34 பல்புகள் அதே 230 வோல்ட்டைப் பங்கிட்டு, ஆளுக்கு 6.8 வோல்ட் வரை தாங்க வேண்டும். சூடு கூடும், அடுத்தடுத்து மற்றவையும் போகும். அப்புறம், இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். '6 வோல்ட் பல்புதானே' என்று ப்ளக்கைப் பிடுங்காமல் கை வைக்காதீர்கள். அறுந்த இடத்தின் இரு முனைகளுக்கு நடுவே நிற்பது 6 வோல்ட் அல்ல, முழு 230 வோல்ட். குழந்தைகள் இருக்கும் வீட்டில் இதைத் தயவுசெய்து சொல்லி வையுங்கள்.

இப்போது வரும் பல எல்.இ.டி. செட்டுகளில் சீரிஸாகக் கோத்த சில பகுதிகளைப் பேரலலாகச் சேர்த்திருப்பார்கள். ஒரு பகுதி மட்டும் அணைந்து மற்றது எரிவது அதனால்தான்.

வீட்டு ஒயரிங் முழுக்கப் பேரலல். ஒவ்வொரு லைட்டும் ஃபேனும் பேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே தனித்தனியாக நிற்கிறது. எல்லாவற்றுக்கும் அதே 230 வோல்ட்; எடுக்கும் கரண்ட் மட்டும் வேறு. ஹால் லைட் போனாலும் சமையலறை லைட் எரிவது இந்த வசதியால். சுவிட்சும் எம்.சி.பி.யும் மட்டும் வேண்டுமென்றே சீரிஸில் இருக்கும். வழியை அடைப்பதுதானே அவற்றின் வேலை.

பேரலலில் வோல்டேஜ் பங்காகாது, ஆனால் கரண்ட் கூடிக்கொண்டே போகும். 1000 வாட் அயர்ன் பாக்ஸ் சுமார் 4.3 ஆம்பியர் எடுக்கும். 2000 வாட் இண்டக்‌ஷன் அடுப்பு 8.7 ஆம்பியர். இரண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகினால் 13 ஆம்பியர், அதுவும் 6 ஆம்பியர் ப்ளக் பாயின்ட் வழியாக. ஒயர் சூடாகிறது. அதற்குத்தான் எம்.சி.பி. விழுகிறது. பெரிய எம்.சி.பி. மாட்டினால் விழுவது நிற்கும், ஒயர் சூடாவது நிற்காது. ஒயரின் தடிமனைத் தெரிந்துகொள்ளாமல் பெரிய எம்.சி.பி. கேட்டால் நாங்கள் தருவதில்லை. விற்க மனமில்லாமல் இல்லை. சுவருக்குள் ஓடும் ஒயர் தீப்பிடித்தால் யாராலும் பார்க்க முடியாது.

எங்கள் மேசையில் 100 வாட் குண்டு பல்பு மாட்டிய ஒரு போர்டு இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ரிப்பேர் செய்த மிக்ஸியை முதலில் அந்த பல்போடு சீரிஸில்தான் போட்டுப் பார்ப்போம். உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு முழு வெளிச்சத்தில் எரியும், ஃபியூஸ் போகாது. அதே போர்டில் 60 வாட் பல்பையும் 100 வாட் பல்பையும் சீரிஸில் போட்டுக் காட்டினால் பள்ளிப் பிள்ளைகள் நம்பவே மாட்டார்கள்: 60 வாட் பல்புதான் பளிச்சென்று எரியும். அதன் தடை அதிகம், அதனால் வோல்டேஜிலும் பெரிய பங்கு அதற்கே போகிறது. தொடரிணைப்பு, பக்க இணைப்புப் பாடம் படிக்கும் பிள்ளைகளை அழைத்து வாருங்கள், காட்டுகிறோம்.

கடைசியாக பேட்டரி. 12 வோல்ட், 150 ஏ.ஹெச். (ஆம்பியர்-ஹவர், பேட்டரியின் கொள்ளளவு) பேட்டரி இரண்டில் ஒன்றின் பிளஸ்ஸோடு மற்றதன் மைனஸைச் சேர்த்தால் அது சீரிஸ்: 24 வோல்ட், அதே 150 ஏ.ஹெச். பிளஸ்ஸோடு பிளஸ், மைனஸோடு மைனஸ் என்றால் பேரலல்: 12 வோல்ட், 300 ஏ.ஹெச். இரண்டிலும் தேங்கும் மின்சாரம் ஒன்றுதான். எதைச் செய்வது என்பதை இன்வெர்ட்டர்தான் முடிவு செய்யும். 12 வோல்ட் இன்வெர்ட்டருக்கு 24 கொடுத்தால் போர்டே எரிந்துபோகலாம். பழைய பேட்டரியோடு புதியதைச் சேர்ப்பதையும் நாங்கள் சிபாரிசு செய்வதில்லை. சீரிஸில் பழையது முதலில் இறங்கிவிடும், சார்ஜ் ஏறும்போது அளவுக்கு மீறி ஏறும். பேரலலில் புதியதன் சக்தியைப் பழையது இழுத்துக்கொள்ளும். எப்படிச் சேர்த்தாலும் புதியதன் ஆயுள் குறையும்.

ஆகவே பேட்டரி வாங்க வரும்போது, இன்வெர்ட்டரில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரையும் பழைய பேட்டரி மேல் இருக்கும் தேதியையும் போனில் படம் எடுத்து வாருங்கள். பார்த்துச் சரியானதைச் சொல்கிறோம்.

அன்புடன்,
உங்கள் எலக்ட்ரிக்கல் கடையினர்