ஒரே ஏசாயா, இரண்டு வாசிப்பு

ஆசிரியர் அவர்களுக்கு,

யூதர்கள் 'பழைய ஏற்பாட்டை மட்டும் ஏற்பவர்கள்', 'கண் திறக்காதவர்கள்' என்று கடந்த ஞாயிறு இதழில் ஒருவர் எழுதியிருந்தார். அவர்களுக்கு அது பழையதே அல்ல, அதுதான் முழு வேதம்.

நத்தார் காலத்தில் நாம் கேட்கும், ஒருத்தி கர்ப்பவதியாகி மகனைப் பெறுவாள் என்று சொல்லும் ஏசாயா தீர்க்கதரிசியின் நூல் 7:14ஐயே எடுங்கள். எபிரேயத்தில் இருப்பது 'அல்மா', அதாவது இளம்பெண். கிரேக்க மொழிபெயர்ப்பில் அது 'பார்தெனோஸ்', கன்னி என்றானது. நற்செய்தியாளர் மத்தேயுவும் அப்படித்தான் எடுத்தாண்டார். எங்கள் அம்மம்மாவின் தமிழ் வேதாகமத்திலும் 'கன்னிகை'தான். அதன் கீழ் பென்சில் கோடு வேறு. யூதர்களோ, யூதாவின் ஆகாஸ் அரசனுக்கு அவன் காலத்திலேயே தரப்பட்ட அடையாளம் அது என்கிறார்கள். 53ஆம் அதிகாரத்தில் துன்புறும் ஊழியன் நமக்கு இயேசு. 11ஆம் நூற்றாண்டு யூத உரையாசிரியர் ராஷிக்கு இஸ்ரவேல் மக்கள்.

ஒரே குறளுக்குப் பரிமேலழகர் ஒன்றும் மணக்குடவர் வேறொன்றும் சொன்னால் ரசிக்கிறோம். இங்கே மட்டும் 'கண் திறக்காதவர்கள்' என்று எழுதுவது என்ன நியாயம்?

அப்புறம், நூல் வரிசையும் வேறு. நம் பழைய ஏற்பாடு மல்கியாவோடு முடிகிறது. அவர்களுடைய அச்சுப் பிரதிகள் நாளாகமத்தில், எருசலேமுக்குப் போகலாம் என்ற பாரசீக மன்னன் கோரேசின் அறிவிப்போடு முடிகின்றன.

வாசகி,
வெள்ளவத்தை, கொழும்பு 06