ஆண்டுக் கட்டணம் கேட்கும் மருத்துவர்: தோழிக்கு ஒரு கடிதம்

எடிசன், நியூ ஜெர்சி
நவம்பர் 2025

அன்புள்ள வசந்தி,

இங்கே நலம். சின்னவளுக்கு வேலை கிடைத்த செய்தியைக் கல்யாணி சொன்னாள். அவளுக்கு என் ஆசிகளைச் சொல். இத்தனை மாதம் எழுதாமல் இருந்தவள் இன்று உட்கார்ந்து எழுதுவதற்குக் காரணம், எங்கள் குடும்ப மருத்துவரிடமிருந்து வந்த கடிதம். எனக்கு ஒன்று, என் வீட்டுக்காரருக்கு ஒன்று என்று ஒரே நாளில் இரண்டு உறைகள் வந்தன. வரும் ஜனவரி முதல் ஒவ்வொரு நோயாளியும் ஆண்டுக்கு 300 டாலர் ‘நிர்வாகக் கட்டணம்’ செலுத்த வேண்டுமாம். ஒவ்வொரு முறை போகும்போதும் கையிலிருந்து வைக்கும் கோ-பே, காப்பீடு பணம் தரத் தொடங்குமுன் ஆண்டுதோறும் நாமே கட்டும் டிடக்டிபிள் எதிலும் அது சேராதாம். செலுத்த விரும்பாதவர்கள் டிசம்பர் இறுதிக்குள் வேறு மருத்துவரைத் தேடிக்கொள்ளலாம் என்று பணிவான சொற்களில் எழுதியிருக்கிறார்கள்.

இந்தக் கட்டணம் எதற்கு என்று கடிதத்தின் இரண்டாம் பக்கத்தில் சொல்லியிருக்கிறது. தொலைபேசியில் கேட்கும் கேள்விகளுக்குப் பதில் சொல்வது, மருந்துச் சீட்டைப் புதுப்பிப்பது, சிறப்பு மருத்துவருக்குப் பரிந்துரை அனுப்புவது, பரிசோதனை முடிவுகளைத் தெரிவிப்பது, படிவங்களை நிரப்பித் தருவது, ‘சிகிச்சையை ஒருங்கிணைப்பது’ ஆகியவற்றுக்காம். இதைப் படித்தவுடன் திருவல்லிக்கேணியில் நமக்கு அறை கொடுத்துவிட்டு, வாடகைக்கு மேல் மோட்டாருக்கென்று தனிக் காசு கேட்ட மோட்டார் மாமிதான் நினைவுக்கு வந்தாள். ஆனால் அவளிடம் சண்டை போட நீ இருந்தாய். இங்கே நான் தனியாக நிற்கிறேன்.

நான் இதில் எல்லாவற்றையும் குறை சொல்லவில்லை. மகனின் கோடை முகாமுக்கான படிவம், நோயால் வேலைக்குப் போக முடியாதபோது உதவும் காப்பீட்டுக்கான சான்றிதழ் போன்றவற்றைக் காப்பீட்டு நிறுவனம் சிகிச்சையாகக் கருதுவதில்லை. அவற்றுக்கு மருத்துவர் தனியாகப் பணம் கேட்டால் கொடுப்பதுதான் நியாயம். ஆனால் என் சர்க்கரை அளவு கூடியிருக்கிறது என்று சொல்வதும், அதற்கான மருந்தை மாற்றி எழுதுவதும் சிகிச்சையே அல்லவா? ஒரு மருத்துவர் காப்பீட்டு நிறுவனத்தின் வலையமைப்பில் சேரும்போது, காப்பீடு ஏற்கும் சேவைகளுக்கு அந்த நிறுவனம் தரும் தொகையையும் நோயாளியின் பங்கையும் தவிர வேறு எதையும் நோயாளியிடம் கேட்கமாட்டேன் என்றுதான் பொதுவாக ஒப்பந்தம் செய்துகொள்கிறார். நான் மாதந்தோறும் சம்பளத்திலிருந்து பிரீமியம் கட்டி, ஒவ்வொரு முறை போகும்போதும் 30 டாலர் கோ-பேயும் வைப்பது அந்த ஒப்பந்தத்தை நம்பித்தான்.

என் வீட்டுக்காரரின் நிலை இன்னும் தெளிவானது. இவர் முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேரில் இருக்கிறார். மெடிகேர் நிர்ணயித்த தொகையை முழுத் தொகையாக ஏற்க உடன்பட்ட மருத்துவர், ஆண்டு டிடக்டிபிளும் 20 சதவீதப் பங்கும் போக, மெடிகேர் தரும் சேவைக்காக நோயாளியிடம் கூடுதலாக வாங்கக் கூடாது. 2004 மார்ச் மாதத்திலேயே மத்திய சுகாதாரத் துறையின் இன்ஸ்பெக்டர் ஜெனரல் அலுவலகம் மருத்துவர்களுக்கு இதைப் பற்றி வெளிப்படையாக ஓர் எச்சரிக்கை விடுத்திருக்கிறது. மின்னசோட்டாவைச் சேர்ந்த ஒரு மருத்துவர் தம் நோயாளிகளிடம் ஆண்டுக்கு 600 டாலர் கட்டணத்துடன் ஓர் ஒப்பந்தத்தை நீட்டியிருந்தார். மற்ற மருத்துவர்களுடன் சிகிச்சையை ஒருங்கிணைப்பது, முழுமையான உடல்நல மதிப்பீடு, கூடுதல் நேரம் ஒதுக்குவது ஆகியவை அதில் இருந்தன. அவற்றில் சிலவற்றுக்கு மெடிகேர் ஏற்கெனவே பணம் தருகிறது என்று அந்த அலுவலகம் குற்றம் சாட்ட, அவர் 53,400 டாலர் கொடுத்து விவகாரத்தை முடித்துக்கொண்டார். எங்கள் கையில் இருக்கும் கடிதத்தில் உள்ள ‘சிகிச்சையை ஒருங்கிணைப்பது’ என்ற வரியை இதன் பக்கத்தில் வைத்துப் பார். போதாக்குறைக்கு, இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட நாட்பட்ட நோய்கள் உள்ளவர்களுக்காக மருத்துவரின் அலுவலகம் நேரில் பார்க்காமல் செய்யும் ஒருங்கிணைப்பு வேலைக்கு 2015 முதல் மெடிகேர் தனியாகவே பணம் கொடுக்கிறது.

இதையெல்லாம் தேடிப் படித்தபோது என் கோபம் மருத்துவர் மேல் மட்டும் நிற்கவில்லை என்பதையும் உனக்குச் சொல்ல வேண்டும். அவருடைய கிளினிக்கில் முன்மேசைக்குப் பின்னால் இருக்கும் இரண்டு பெண்கள் நாள் முழுவதும் காப்பீட்டு நிறுவனங்களிடம் முன்அனுமதி கேட்டுத் தொலைபேசியில் காத்திருப்பதை நான் கண்ணால் பார்க்கிறேன். வாடகையும் சம்பளமும் ஏறிக்கொண்டிருக்க, மெடிகேர் மருத்துவர்களுக்குத் தரும் தொகையைக் கணக்கிடும் அடிப்படை எண்ணை 2025இல் 2.83 சதவீதம் குறைத்தது. அந்த மனிதர் கெட்டவர் அல்லர்; என் வீட்டுக்காரரின் இதயத்தில் அடைப்பு இருப்பதை முதலில் சந்தேகித்து அனுப்பியவர் அவர்தான். ஆனால் காப்பீட்டு நிறுவனம் ஏற்படுத்தும் காகித வேலைக்கான செலவை அந்த நிறுவனத்திடம் கேட்க முடியாதபோது, நோயாளியிடம் கேட்பது எளிதாக இருக்கிறது. பிரீமியத்தின் வழியாக அந்த நிர்வாகச் செலவை ஒரு முறை கொடுத்த நானே, அதே செலவின் மறுபாதியை மருத்துவரிடமும் கொடுக்க வேண்டியிருக்கிறது.

பணக்காரர்களுக்காக இந்த நாட்டில், ஆண்டுக் கட்டணம் வாங்கிக்கொண்டு தனிக் கவனிப்புத் தரும் ‘கன்சியர்ஜ்’ மருத்துவம் என்று ஒன்று இருப்பது உனக்குத் தெரிந்திருக்கும். 1996இல் சியாட்டிலில் தொடங்கிய பழக்கம் அது. 2005இல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் தணிக்கை அலுவலகம் ஆராய்ந்தபோது நாடு முழுவதும் அப்படிப்பட்ட மருத்துவர்கள் 146 பேரைத்தான் கண்டறிய முடிந்தது. அவர்களின் ஆண்டுக் கட்டணம் 60 டாலரிலிருந்து 15,000 டாலர் வரை இருந்தது. அந்த முறை எனக்குப் பிடிக்காது. ஆயினும் அங்கே பணம் வாங்குபவர் நோயாளிகளின் எண்ணிக்கையைச் சில நூறாகக் குறைத்துக்கொண்டு, ஒவ்வொருவருக்கும் நிறைய நேரம் கொடுக்கிறார். எங்கள் மருத்துவர் ஒருவரையும் குறைப்பதாகச் சொல்லவில்லை, ஒரு நிமிடம் கூட்டித் தருவதாகவும் சொல்லவில்லை. அதே கூட்டம், அதே பதினைந்து நிமிடம், மேலே 300 டாலர்.

எங்கள் இருவருக்கும் சேர்ந்து 600 டாலர். கொடுத்தால் குடும்பம் கவிழ்ந்துவிடாது. என்னைத் தூங்கவிடாமல் செய்வது சரோஜா மாமியின் நிலைமை. அவரும் இதே மருத்துவரிடம்தான் போகிறார், அவரும் மெடிகேரில்தான் இருக்கிறார். கடிதத்தைப் பார்த்த அன்றே காசோலை எழுதி அனுப்பிவிட்டார். எதற்கு என்று கேட்டபோது, “டாக்டர் வேண்டாம் என்று சொல்லிவிட்டால் இந்த வயதில் நான் எங்கே போவேன், மீனா?” என்றார். வசந்தி, அவருக்கு மாதாமாதம் வரும் ஓய்வூதியத்தில் வீட்டு வாடகை போக மிஞ்சுவது எவ்வளவு என்று எனக்குத் தெரியும். தன் நோயின் வரலாறு முழுவதையும் அறிந்தவரை இழந்துவிடுவோமோ என்ற அச்சத்தில் ஒரு முதியவர் கொடுக்கும் பணத்தை விருப்பக் கட்டணம் என்று எப்படி அழைக்க முடியும்?

கனடாவில் டாக்டருக்குக் காசே கிடையாது என்று எனக்கு வருடா வருடம் பாடம் நடத்துபவள் நீ. உன் மிசிசாகா டாக்டரும் ஆண்டுக்கு ஒரு தொகை கேட்டுத் தாள் அனுப்பினார் என்று போன கோடையில் நீயே முணுமுணுத்தது எனக்கு மறக்கவில்லை! ஆனால் உன் ஒன்ராறியோ மாகாணத்தில் மருத்துவர்களை ஒழுங்குபடுத்தும் அமைப்பு வகுத்த விதியைப் படித்த பிறகு உன் பெருமையில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். அங்கே அந்தக் கட்டணம் மாகாணக் காப்பீடு ஏற்காத சேவைகளுக்கு மட்டும்தான். நோயாளி அதை மறுத்து, தேவைப்படும்போது தனித்தனியாகக் கொடுக்கலாம். மறுத்தார் என்பதற்காக மருத்துவர் அவரைக் கைவிடக் கூடாது. நான் இங்கே கேட்பதும் இவ்வளவுதான்.

மருத்துவருக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன். கட்டணத்தில் எந்தெந்தச் சேவை காப்பீட்டில் சேராதது என்று தனியாகப் பிரித்துக் காட்டும்படியும், மெடிகேரில் இருப்பவர்களுக்கு இது எப்படிப் பொருந்தும் என்று எழுத்தில் தரும்படியும், சரோஜா மாமியின் காசோலையை அதுவரை நிறுத்திவைக்கும்படியும் கேட்கப்போகிறேன். திருப்தியான பதில் வராவிட்டால் என் காப்பீட்டு நிறுவனத்துக்கும் மெடிகேருக்கும் இரண்டு கடிதங்களின் நகலையும் அனுப்புவேன். இவர், “இருபது வருடப் பழக்கம், கெடுத்துக்கொள்ளாதே” என்கிறார். பழக்கம் இருப்பதால்தான் முதலில் அவரிடமே கேட்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

உன்னிடம் ஓர் உதவி. உன் டாக்டர் அனுப்பிய தாளில், கட்டணம் கட்டாயமில்லை என்று சொல்லும் பகுதி இருந்தால் அதைப் படமெடுத்து இந்த வாரமே அனுப்பு. இப்படியும் எழுத முடியும் என்று என் கடிதத்தோடு இணைத்துக் காட்ட விரும்புகிறேன். சண்டைக்கான வாசகங்கள் ஏதேனும் தோன்றினால் அவற்றையும் சேர்த்து அனுப்பு. அந்தக் கலையில் உனக்கு நிகர் இன்றும் எனக்குத் தெரிந்து யாரும் இல்லை.

அன்புடன்,
மீனா